நயாடேரா: கழியோரச் சிற்றூருக்கு ஒரு பயணம்

அந்தமானில் ஆற்றங்கரை ஊர் தேடினால் அதிகம் கிடைக்காது. மலையில் பெய்யும் மழை சிற்றோடைகளாக இறங்கி, சில கிலோமீட்டருக்குள் கடலைச் சேர்ந்துவிடுகிறது. ஆறு என்று சொல்லத்தக்கவை வட அந்தமானின் கல்போங் போன்ற ஒரு சிலவே. நம் ஊரில் ஆறு செய்யும் வேலையை இங்கே உப்பங்கழிகள் செய்கின்றன. ஓதம் ஏறும்போது கடல்நீர் காட்டுக்குள் வெகுதூரம் புகுகிறது, வற்றும்போது சேற்றையும் வேர்களையும் வெளியே காட்டிவிட்டுத் திரும்புகிறது. தீவுவாசிகள் வீட்டில் தமிழ் பேசினாலும் வங்காளி பேசினாலும் இதைக் 'கிரீக்' என்றுதான் சொல்கிறார்கள். ஊருக்குப் போகும் வழியும், மீன் பிடிக்கும் இடமும், புயலில் படகை ஒதுக்கும் துறையும் அதுவே.

அப்படியொரு கழியின் உள்முனையில் இருக்கிறது நயாடேரா. தெற்கு அந்தமானுக்கும் நடு அந்தமானுக்கும் இடையிலுள்ள பாராடாங் தீவில், சில வீடுகளும் வயல்களும் தென்னை, பாக்கு மரங்களும் கொண்ட சிற்றூர். இதன் வழியாகத்தான் புகழ்பெற்ற சுண்ணாம்புக்கல் குகைக்குப் போகவேண்டும். அதனால் சுற்றுலாப் பருவத்தில் தினமும் கூட்டம் வருகிறது. ஆனால் அனேகமாக எல்லோரும் படகிலிருந்து இறங்கி, ஊரைக் கடந்து குகைக்குப் போய், படம் எடுத்துக்கொண்டு அதே வேகத்தில் திரும்பிவிடுகிறார்கள். இந்த அத்தியாயம் சொல்லும் வழி வேறு: பாராடாங்கில் ஓர் இரவு தங்குங்கள், கழிக்கும் ஊருக்கும் நேரம் கொடுங்கள், அங்கே போகும் வழியில் யாருடைய காட்டைக் கடக்கிறோம் என்று அறிந்து கடந்து செல்லுங்கள்.

எப்போது போகலாம்

ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். மே பாதியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். அது ஓய்ந்ததும் வடகிழக்குப் பருவக்காற்று பிடித்துக்கொள்ளும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் தீவுகள் இவை. மழைநாளில் ஊருக்குள் செல்லும் நடைபாதை வழுக்கும், படகுகள் நின்றுபோவதும் உண்டு. டிசம்பர் இறுதி விடுமுறையில் வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும், கூட்டமும் மிக அதிகமாக இருக்கும்.

கடிகாரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அந்தமான் சென்னைக்குக் கிழக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தாலும் மணி இந்திய நேரம்தான். குளிர்காலத்தில் மாலை 5 மணி சுமாருக்கே சூரியன் இறங்கிவிடும், அரை மணிக்குள் இருட்டிவிடும். அதற்கு ஈடாக விடியலும் சீக்கிரமே வந்துவிடுகிறது. இங்கே எல்லாக் காரியங்களையும் காலையில் முடித்துக்கொள்வதே வழக்கம். உங்கள் திட்டமும் அப்படியே இருக்கட்டும்.

குகைக்கு வாரத்தில் ஒரு நாள், வழக்கமாகத் திங்கட்கிழமை, விடுமுறை. கிளம்புவதற்கு முன் சுற்றுலாத் துறை அலுவலகத்தில் ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

போகும் வழி

சென்னையிலிருந்து விமானம் இரண்டேகால் மணி நேரத்தில் தலைநகர் சேர்க்கும். கப்பல் என்றால் ஏறக்குறைய மூன்று நாள். போர்ட் பிளேர் என்ற தலைநகருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீவிஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. ஊர் மக்கள் பேச்சில் பழைய பெயரே இன்னும் அதிகம் கேட்கும். 2011 கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் சுமார் 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். தலைநகரின் கடைவீதியிலும் பேருந்து நிலையத்திலும் தமிழில் விசாரித்தே வேலையை முடித்துக்கொள்ளலாம். பாராடாங் போனபின் இந்திதான் பொதுமொழி.

தலைநகரிலிருந்து பாராடாங் சாலைவழியே சுமார் 100 கிலோமீட்டர். அந்தமான் டிரங்க் ரோடு எனப்படும் இந்தச் சாலையில் முதல் பாதி ஜிர்காடாங் சோதனைச்சாவடியில் முடிகிறது. அதற்கப்பால் சுமார் 50 கிலோமீட்டர் ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காடு. அங்கே தனித்தனியாக வண்டி ஓட்ட அனுமதியில்லை. வண்டிகளைச் சேர்த்து நிறுத்தி, குறித்த நேரங்களில் மட்டும் போலீஸ் காவலோடு 'கான்வாய்' ஆக அனுப்புகிறார்கள். முதல் கான்வாய் காலை 6 மணியளவில் கிளம்பும், கடைசியது பிற்பகலில். நேரங்கள் மாறக்கூடியவை என்பதால் முந்தைய நாளே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் கான்வாயைப் பிடிக்கத் தலைநகரிலிருந்து அதிகாலை 4 மணிக்கு முன்பே கிளம்பவேண்டும். எல்லாப் பயணிகளின் அடையாள அட்டையும் நகலும் கையில் இருக்கட்டும், சாவடியில் விவரம் எழுதிக் கொடுக்கவேண்டும்.

வாடகைக் காரில் போகலாம். ரங்கத், மாயாபந்தர், டிக்லிபூர் செல்லும் அரசுப் பேருந்திலும் போகலாம். தனியாக வருபவருக்குப் பேருந்தே சிக்கனம். முன்பதிவு செய்துவிடுங்கள். காடு முடியும் இடம் மிடில் ஸ்ட்ரெயிட். அங்கே பேருந்து, லாரி, பயணிகள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஒரு மிதவைப் படகு நீரிணையைக் கடக்கும். மறுகரை நீலாம்பூர் ஜெட்டி. அதுதான் பாராடாங்.

கடல்வழியே படகில் பாராடாங் செல்லும் வசதியும் உண்டு. நீங்கள் போகும் நாளில் படகு ஓடுகிறதென்றால் அதையே தேர்ந்தெடுங்கள். காரணம் அடுத்து வருகிறது.

காப்புக்காட்டைக் கடக்கும்போது

இந்தப் பகுதியை உடன்வருபவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

ஜாரவா மக்கள் தங்களை 'அங்' என்று சொல்லிக்கொள்பவர்கள். 2011 கணக்கெடுப்பில் அவர்கள் 380 பேர். காட்டுப்பன்றியும் மீனும் தேனும் கிழங்கும் அவர்கள் உணவு. வெளியாரை அம்பெய்து விலக்கிவைத்திருந்த அவர்கள் 1990களின் இறுதியில்தான் தாமாகக் காட்டைவிட்டு வெளியே வரத் தொடங்கினார்கள். அதற்கு முன்பே இந்தச் சாலை அவர்கள் காட்டின் குறுக்கே போடப்பட்டுவிட்டது. 1999இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. நமக்குச் சாதாரணமான சளியும் காய்ச்சலும், அவற்றுக்குப் பழகாத சிறிய சமூகத்துக்கு உயிர்ச்சேதமாக முடியலாம். பெரிய அந்தமானியர் என்ற இனக்குழுக்களுக்கு அதுவே நேர்ந்தது. ஒரு காலத்தில் பாராடாங்கும் அவர்கள் வாழ்ந்த நிலமாக இருந்தது. பிரிட்டிஷ் குடியேற்றத்துக்குப் பின் வந்த தொற்றுநோய்களில் அவர்களில் பெரும்பாலோர் மாண்டார்கள். இன்று சில பத்துப் பேரே எஞ்சியிருக்கிறார்கள்.

காப்புக்காட்டுப் பகுதியில் இந்தச் சாலையை மூடவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2002இல் ஆணையிட்டது. சாலை இன்னும் திறந்தே இருக்கிறது. 2012 ஜனவரியில் ஜாரவாப் பெண்களை உணவுக்காக ஆடச் சொல்லும் காணொளி ஒன்று உலகெங்கும் பரவி நாட்டைத் தலைகுனிய வைத்தது. அதே ஆண்டில் 1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறை திருத்தப்பட்டு, தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. மீறினால் சிறை உண்டு.

விதிகள் எளியவை. வண்டி எங்கும் நிற்கக்கூடாது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது. முந்தக்கூடாது. கேமராவும் கைபேசியும் பைக்குள் இருக்கவேண்டும். காட்டைப் படம் எடுக்கிறேன் என்றாலும் குற்றமே. பிஸ்கட், பழம், புகையிலை எதையும் வெளியே நீட்டக்கூடாது, வீசவும் கூடாது. சாலையோரம் யாராவது நின்றால் கையசைக்காமல், கூப்பிடாமல் கடந்து போங்கள். 'ஜாரவாவைக் காட்டுகிறேன்' என்று ஓட்டுநரோ முகவரோ ஆசைகாட்டினால் அந்த வண்டியை வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். இன்னொருவர் வீட்டு முற்றத்தின் வழியாகப் போக நேர்ந்தால் நாம் எப்படித் தலைகுனிந்து விரைவாகக் கடப்போமோ, அந்த அடக்கம் இங்கே போதும்.

காய்ச்சலோ இருமலோ இருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். இதைச் சட்டம் கேட்காவிட்டாலும் நம் மனச்சாட்சி கேட்கவேண்டும்.

கழியில்

நீலாம்பூர் ஜெட்டியில் வனத்துறையின் அனுமதிச்சீட்டை வாங்கிக்கொண்டு படகுக்குப் பெயர் கொடுக்கவேண்டும். பத்துப் பேர் அளவு ஏறும் மோட்டார் படகுகள். தனியாக வந்தவர்களை மற்றவர்களோடு சேர்த்து அனுப்புவார்கள். உயிர்காப்பு உடுப்பைக் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள், கொக்கிகள் பூட்டுகின்றனவா என்று பாருங்கள். அரை மணி நேரத்துக்குள் பயணம் முடிந்துவிடும்.

முதலில் அகன்ற நீரிணை. பிறகு படகு வேகம் குறைந்து ஒரு கழிக்குள் திரும்பும். போகப்போக இருகரையும் நெருங்கி, கடைசியில் மரங்கள் தலைக்குமேல் கைகோக்கும். கிள்ளைக்குப் பக்கத்திலுள்ள பிச்சாவரத்தில் படகேறியவர்களுக்கு இந்த வேர்கள் பழக்கமானவை. வளைந்த ஊன்றுகால்களில் நிற்பது சுரபுன்னை. சேற்றிலிருந்து விரல்போல மூச்சுவேர்களை நிமிர்த்தியிருப்பது அலையாத்தி. அளவுதான் வேறு. பிச்சாவரம் சில சதுர கிலோமீட்டர் பரப்பு, அந்தமான் நிக்கோபாரிலோ சுமார் 600 சதுர கிலோமீட்டர் அலையாத்திக் காடு இருக்கிறது. மரங்களும் நம் கரையில் காண்பதைவிட உயரமானவை. மீனும் நண்டும் இறாலும் குஞ்சு பொரித்து வளர்வது இந்த வேர்களுக்கிடையில்தான். புயலலையின் வேகத்தைத் தணிப்பதும் இவையே.

ஓதம் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று படகுக்காரரிடம் கேளுங்கள். ஏற்றத்தில் படகு மரக்கவிகையைத் தொட்டுக்கொண்டு போகும். வற்றத்தில் வேர்களும் நண்டு வளைகளும் சேற்றில் தாவும் மீன்களும் தெரியும். ஒரு வழி ஏற்றத்திலும் மறுவழி வற்றத்திலும் அமைந்தால் கழியின் இரண்டு முகங்களையும் பார்த்துவிடலாம். ஊரில் மெதுவாக நேரம் செலவிட இதுவும் ஒரு காரணம். திரும்பும் நேரத்தை ஏறும்போதே படகுக்காரரிடம் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

கையைத் தண்ணீரில் விடாதீர்கள். இந்தக் கழிகளில் உப்புநீர் முதலைகள் வாழ்கின்றன. தண்ணீர் அசையாமல் கிடப்பதைப் பார்த்து இறங்கிக் கால் நனைக்கவும் கூடாது. முதலை கண்ணில் படாததால் அது அங்கே இல்லை என்று ஆகாது.

ஊரில்

சிறு மரத்துறையில் இறங்கி, அலையாத்திக் காட்டின்மேல் போட்ட பலகைப் பாதையைக் கடந்தால் மண்பாதை. அங்கிருந்து குகை ஒன்றரைக் கிலோமீட்டர் அளவு நடை. பாதி வயலும் தோப்பும், மீதி காடு. ஊர் அந்த வழியில்தான் இருக்கிறது.

இத்தீவுகளில் 'டேரா' என்று முடியும் ஊர்ப்பெயர்கள் பல. அவற்றில் பெரும்பாலானவை மரம் வெட்டும் கூலிகளின் முகாம்களாகத் தொடங்கியவை. 1918 முதல், சோட்டா நாக்பூர் பீடபூமியிலிருந்து உராவ், முண்டா, காடியா ஆதிவாசிகளை வனத்துறை வேலைக்காக ராஞ்சி வழியே கொண்டுவந்தார்கள். அதனாலேயே தீவில் அவர்களுக்கு 'ராஞ்சி' என்று பெயர் நிலைத்துவிட்டது. படாக்கு மரங்களை வெட்டியவர்களும், யானைகளோடு மரம் இழுத்தவர்களும், பாதை போட்டவர்களும் அவர்களே. வேலை முடிந்தபின் பலர் ஊர் திரும்பவில்லை. காட்டோரத்தில் நிலம் திருத்தி நெல்லும் காய்கறியும் போட்டார்கள். பாராடாங்கில் அவர்கள் எண்ணிக்கை கணிசமானது. தாயகத்தில் பழங்குடிப் பட்டியலில் இருக்கும் இவர்களுக்கு அந்தமானில் அந்தத் தகுதி இல்லை. அதற்கான கோரிக்கை நெடுங்காலமாக நிலுவையில் இருக்கிறது.

உராவ் மக்களின் தாய்மொழி குடுக். அது தமிழைப்போலத் திராவிட மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. தீவில் இளையவர்கள் பெரும்பாலும் சாத்ரியும் இந்தியும் பேசுகிறார்கள். பெரியவர்களைச் சந்தித்தால் கேட்டுப்பாருங்கள், தங்கள் மொழியை ஒருவர் விசாரிப்பதில் அவர்களுக்கு மகிழ்ச்சி. பெண்களைத் 'தீதீ' என்றும் ஆண்களைத் 'தாதா' என்றும் கூப்பிடலாம், அதுவே இங்குள்ள மரியாதை.

பாதையோரம் எலுமிச்சைச் சாறு, இளநீர், வெள்ளரி, பழம் விற்பார்கள். ஊருக்குச் சுற்றுலாவால் கிடைக்கும் நேரடி வருமானம் அனேகமாக இவ்வளவுதான். தலைநகரிலிருந்து தண்ணீர் பாட்டிலும் சிப்ஸ் பொட்டலமும் சுமந்துவந்து, இங்கே ஒரு ரூபாயும் செலவழிக்காமல் திரும்புவது முறையல்ல. இங்கேயே வாங்கிச் சாப்பிடுங்கள். பேரம் வேண்டாம். சில்லறை நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள், கைபேசிச் சமிக்ஞையை நம்பிப் பணம் செலுத்த முடியாது.

வீடுகளின் முற்றத்தில் நுழையுமுன் கேளுங்கள். குழந்தைகளைப் படம் எடுக்கவேண்டுமென்றால் தாயிடம் அனுமதி வாங்குங்கள், மிட்டாய் கொடுத்துப் பழக்காதீர்கள். வயல்வரப்பில் நடக்கும்போது நாற்றை மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குகையில்

கடலுயிர்களின் ஓடுகளும் எலும்புக்கூடுகளும் கடலடியில் படிந்து இறுகி உண்டான சுண்ணாம்புக்கல், நில அசைவால் மேலெழுந்தது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இலேசான அமிலமாகி, விரிசல்களில் இறங்கிக் கல்லைக் கரைத்தது. அப்படிக் குடைந்ததுதான் குகை. கரைந்த சுண்ணாம்பு சொட்டுச் சொட்டாகப் படிந்து, கூரையிலிருந்து தொங்கும் விழுதுகளும் தரையிலிருந்து எழும் தூண்களும் உண்டாகின. இவை மிக மெதுவாக வளர்பவை. நம் விரலில் உள்ள எண்ணெய்ப் பசை பட்டால் அந்த இடத்தில் சுண்ணாம்பு படிவது தடைபடும், கல்லும் கறுத்துவிடும். தொடாதீர்கள்.

உள்ளே இருட்டு. கையில் ஒரு டார்ச்சும், காலில் பிடிமானமுள்ள செருப்போ ஷூவோ வேண்டும். சில இடங்களில் குறுகலாக இருக்கும், தரை ஈரமாக இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் ஊரிலேயே நிழலில் இருந்து இளைப்பாறலாம், அதில் குறைவொன்றுமில்லை. கூட்டம் காலை கான்வாய்களோடு வந்து இறங்கும். முதல் நாள் இரவே பாராடாங்கில் தங்கியவர், தலைநகர்க் கூட்டம் வந்துசேருமுன் முதல் படகில் ஏறிவிட்டால் குகையை அமைதியாகப் பார்க்கலாம்.

தங்குமிடமும் மற்றவையும்

நயாடேராவில் விடுதி இல்லை. நீலாம்பூர் ஜெட்டியை ஒட்டிச் சில எளிய விடுதிகளும், சோறு, பருப்பு, மீன்குழம்பு கிடைக்கும் சாப்பாட்டுக் கடைகளும் உண்டு. அறைகள் குறைவு, முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். கொசுவும் மணற்பூச்சியும் கடிக்கும். முழுக்கைச் சட்டையும் பூச்சி விரட்டும் களிம்பும் எடுத்துவாருங்கள். வழக்கமான மருந்துகள் கையில் இருக்கட்டும். பெரிய மருத்துவமனை தலைநகரில்தான், அதற்கும் கான்வாய் நேரம் பார்க்கவேண்டும்.

தங்கினால் மாலையில் கிளித்தீவுக்குப் படகில் போகலாம். பொழுது சாயும் வேளையில் கிளிகள் கூட்டங்கூட்டமாக வந்து அடையும் சிறு அலையாத்தித் தீவு அது. பகலில் ஜீப்பில் போய் மண் எரிமலையையும் பார்த்துவரலாம். பூமிக்கடியில் மக்கிய கரிமப் பொருள்களிலிருந்து எழும் வாயு, சேற்றைக் குமிழிகளாக மேலே தள்ளுகிறது. 2003இலும், 2004 டிசம்பர் பெருநிலநடுக்கத்தை அடுத்தும் இது சீறியெழுந்தது. மற்ற நாள்களில் சாம்பல் நிறச் சேறு மெல்லக் கொப்புளிப்பதை மட்டுமே பார்க்கலாம். நெருப்பை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

இரண்டு நாள் திட்டம்

முதல் நாள் நண்பகல் கான்வாயில் பாராடாங் சேருங்கள். அறையில் பையை வைத்துவிட்டு மாலையில் கிளித்தீவு. இரண்டாம் நாள் முதல் படகில் நயாடேரா, குகை, பிறகு ஊரில் ஓரிரு மணி நேரம். நண்பகலுக்குள் ஜெட்டிக்குத் திரும்பிவிடலாம்.

அதன்பின் தெற்கே திரும்பாமல் வடக்கே போங்கள். ரங்கத் அந்தச் சாலையில்தான் இருக்கிறது. அங்கிருந்தோ லாங் ஐலண்டிலிருந்தோ அரசுக் கப்பலில் ஸ்வராஜ் தீவு வழியாகத் தலைநகர் திரும்பலாம். கப்பல் அட்டவணையைப் பார்த்து அதற்கேற்ப நாளைத் தேர்ந்தெடுத்தால் காப்புக்காட்டுச் சாலையை ஒரே ஒருமுறை கடந்தால் போதும். இரண்டு நாள் ஒதுக்க முடியாதவர்கள், விடியுமுன் கிளம்பி இருட்டியபின் திரும்பும் ஒருநாள் ஓட்டமாக இதைச் செய்யவேண்டாம். அந்த ஓட்டத்தில் காப்புக்காட்டை இருமுறை கடப்பீர்கள், ஊரைப் பார்த்திருக்க மாட்டீர்கள். நேரம் இருக்கும் இன்னோர் ஆண்டுக்கு நயாடேராவைத் தள்ளிவையுங்கள்.